வலிக்காத புண், தானே ஆறிவிட்டது. இனி டாக்டர் தேவையா?

மெஷின்காரன், மன்னார்குடி:
அறுவடை மெஷின் ஓட்டுகிறேன். தை, மாசி இரண்டு மாதமும் திருவாரூர், நாகை பக்கம்தான். நடுவில் ஒரு தப்பு நடந்துவிட்டது, மறைக்கவில்லை. மூன்று வாரம் கழித்து உறுப்பில் ஒரே ஒரு புண். ஓரம் கெட்டி, வலியே இல்லை. கூட இருந்த பெரியவர், “இன்ஜின் சூடுப்பா, இளநீர் குடி” என்றார். குடித்தேன், வெந்தயமும் தின்றேன். ஒரு மாதத்தில் ஆறிவிட்டது. ஊர் திரும்பிப் பத்து நாள் ஆகிறது. இப்போது உள்ளங்கையில் செம்புள்ளிகள், அரிப்பில்லை. வீட்டில் மாசமாக இருக்கிறாள், நாலாம் மாதம். பயமாக இருக்கிறது.

தம்பி, கும்பகோணம்:
எனக்கும் வந்தது அண்ணே, எரிச்சல், சீழ். மெடிக்கலில் கேட்டு மாத்திரை போட்டேன், போய்விட்டது.

லேப்காரர், தஞ்சாவூர்:
தம்பி, உனக்கு வந்தது வெட்டையாக (கொனோரியா) இருக்கலாம். இவர் சொல்வது வேறு. அரைகுறை மாத்திரையில் சீழ் நின்றாலும் கிருமி நிற்கும், நீயும் போய்ப் பார்.

மெஷின்காரரே, இளநீர் மேல் பழி வேண்டாம், புகழும் வேண்டாம். இது சிபிலிஸ் என்ற பால்வினை நோய் போலத் தெரிகிறது. அந்தப் புண் எதுவும் குடிக்காவிட்டாலும் தானே ஆறும். கிருமி ரத்தத்துக்குள் போய்விடும், அப்புறம் உள்ளங்கை, உள்ளங்காலில் இப்படிப் புள்ளி வரும். அரசு மருத்துவமனையில் நம்பிக்கை மையம் (எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) என்று கேளுங்கள். சிபிலிஸுக்கான வி.டி.ஆர்.எல். ரத்தப் பரிசோதனை, எச்.ஐ.வி. பரிசோதனை இரண்டும் இலவசம். எச்.ஐ.வி.யை மூன்று மாதம் தாண்டி மறுபடி பார்க்க வேண்டும்.

முக்கியமானது இது: மனைவிக்கு முதல் செக்கப்பில் எடுத்த ரத்தம் நீங்கள் ஊர் திரும்புவதற்கு முந்தையது. அட்டையில் ‘இல்லை’ என்று இருந்தாலும் நம்பாதீர்கள். இது குழந்தைக்கும் போகும், வயிற்றிலேயே இறக்கவும் செய்யும். இதற்கான பென்சிலின் ஊசியை மாசமானவர்களுக்கும் போடலாம். இருவருக்கும் சிகிச்சை முடியும்வரை விலகி இருங்கள்.

மெஷின்காரன், மன்னார்குடி:
போனேன். வி.டி.ஆர்.எல். 1:32 என்று வந்தது. பென்சிலின் 24 லட்சம் யூனிட், பாதிப் பாதியாக இரண்டு பக்கமும் குத்தினார்கள். மாட்டு ஊசி தோற்றது, உட்காரவே முடியவில்லை. அவளிடம் சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை. இன்று காலை அட்டையை எடுத்துக்கொண்டு, வண்டியை எடு என்றாள்.

லேப்காரர், தஞ்சாவூர்:
நல்லது. ஆறு மாதம் கழித்து மறுபடி எடுங்கள். 1:8-க்காவது, அதாவது இப்போதைய அளவில் கால்வாசிக்காவது, இறங்கியிருக்க வேண்டும்.