இறுகிப்போன போல்ட்: உங்கள் வண்டியில் கழன்றதா, உடைந்ததா?

மார்க்4 மதுரை:
அம்பாசடர், 86 மாடல். கிளட்சை விட்டதும் பின்னால் 'டங்' என்று ஒரு அடி. கிராஸ் (ஷாஃப்ட் மடங்கிச் சுற்ற விடும் மூட்டு) போய்விட்டது, வேறென்ன. கியர்பாக்ஸிலிருந்து பின் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டை இறக்க, பின் அச்சு ஹவுசிங் பக்கம் நாலே போல்ட். மூன்று வந்துவிட்டன. நாலாவது நட்டைக் கட்டைவிரலால் தடவினால் மூலைகளே இல்லை, கூழாங்கல் மாதிரி வழவழ. அந்த வழவழப்பு இன்னும் விரலை விட்டுப் போகவில்லை. நான் போட்டது 15 ஸ்பானர். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழி வந்த வண்டி, எல்லாம் இஞ்ச் அளவு. 9/16 என்றால் 14.3 மி.மீ.; 14 நுழையாது, 15 ஆடும். அப்பாவின் இஞ்ச் செட் பரணில்தான் இருந்தது. அவசரத்தில் ஏறி எடுக்கவில்லை. கடைசியில் உளி வைத்து நட்டைப் பிளந்தேன்.

நாகை 800:
எனக்கு ஆக்சில் நட், சக்கரத்தின் நடுவில் ஆக்சிலைப் பிடித்திருப்பது. ஆக்சில் மூட்டை மூடும் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் முழுக்க ரிம்மில். 20 வருடம் கடல் காற்றில் நின்ற வண்டி, நட்டும் ஷாஃப்டும் ஒரே இரும்பாகியிருந்தன. மூன்று நாள் காலையும் மாலையும் துரு ஆயில் அடித்தேன். சக்கரம் தரையில், தம்பி உள்ளே பிரேக்கை மிதித்தபடி. சாக்கெட்டைத் திருப்பும் பாரில் நாலடி பைப்பைச் செருகி ஏறி நின்றேன். வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம். தம்பி உள்ளிருந்து, "என்னண்ணே, போச்சா?" என்றான். எனக்கும் வயிறு கலங்கிவிட்டது. குனிந்து பார்த்தால் நட் கால் சுற்று நகர்ந்திருக்கிறது.

சத்தம் வந்தால் நல்லது. சத்தமே இல்லாமல் வெண்ணெய் மாதிரி இளகிச் சுற்றினால்தான் பயப்பட வேண்டும், உள்ளே போல்ட் முறுகுகிறது.

மதுரை, உளி ஃபிளேஞ்சில் (போல்ட் மாட்டும் தட்டை முகத்தில்) பட்டதா? அதைச் சொல்லவே இல்லையே.

கோவை கியர்:
என்னுடையது கியர்பாக்ஸ். ஆயில் மாற்றக் கீழ்ப் பிளக்கைக் கழற்றி முழுக்க இறக்கிவிட்டேன். அப்புறம் ஊற்றுகிற பிளக்குக்குப் போனால் அசையவே இல்லை. டப்பாவில் கடைசிச் சொட்டு விழுந்துகொண்டிருந்தது, அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே மல்லாந்து கிடந்தேன். ஆயில் இல்லாத கியர்பாக்ஸோடு பட்டறைக்கும் ஓட்ட முடியாது. மேல் பிளக் கழலும் என்று தெரிந்த பிறகுதான் கீழே கை வைக்க வேண்டும்.

சேலம் லேத்:
நாகை, மூன்று நாள் ஆயில் அடித்ததால் கழன்றது என்று நான் நம்பவில்லை. நாலடி பைப்தான் கழற்றியிருக்கிறது. என் கையில் ஒரு போல்ட் உடைந்து, அதைத் துளைத்தெடுக்கப் போட்ட டிரில் நடுவில் விழாமல் மரையே போனது. அதற்கப்புறம் ஆயிலை நம்புவதை விட்டேன். முதலில் கம்பி பிரஷ்ஷால் வெளியே தெரியும் மரையைச் சுத்தம் செய்யுங்கள். போல்ட் தலையில் நேராக நாலு அடி, துருவின் பிடி விடும். ஆறு மூலை சாக்கெட் மட்டும் போடுங்கள், பன்னிரண்டு மூலை ரிங் துருப்பிடித்த தலையை உருட்டிவிடும். கழற்றும் முன் ஒரு இழை இறுக்கிப் பாருங்கள், அசைந்தால் பாதி வேலை முடிந்தது. அசையாவிட்டால் நெருப்பு. சுட வேண்டியது நட்டை, போல்ட்டை அல்ல. நட் விரியும்போது மெழுகுவர்த்தியை மரையில் தொட்டால் உருகி உள்ளே இறங்கும். மதுரை, பழைய போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள். ஹைடென்சில் (அதிக இழுப்பைத் தாங்கும் போல்ட்) கேட்டு வாங்குங்கள், சாதா போல்ட் அந்த இடத்தில் தாங்காது.

நாகை 800:
ஆக்சில் நட்டுக்கு நெருப்பா? ஒட்டினாற்போல் பேரிங், சீல், அந்தப் பக்கம் ரப்பர் பூட். ஃபிளேஞ்ச் போல்ட்டுக்குச் சரி, இதற்கு யாரும் செய்துவிடாதீர்கள்.

மார்க்4 மதுரை:
பட்டது. ஃபிளேஞ்ச் முகத்தில் நகம் மாட்டுகிற அளவு ஒரு மேடு எழும்பியிருந்தது, அரத்தால் தேய்த்துவிட்டேன். புது கிராஸ், புது போல்ட். ஆனால் 60-ஐத் தாண்டினால் சீட்டுக்கு அடியில் ஒரு அதிர்வு, முன்னால் அது இல்லை. பழைய நிலையிலேயே பூட்ட, கழற்றும் முன் ஷாஃப்டுக்கும் ஃபிளேஞ்சுக்கும் குறி போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை இறக்கி, அரை வட்டம் திருப்பிப் பூட்டிப் பார்க்கிறேன்.