பத்தாவது கேள்வியை மாமியார் முன்னால் எப்படிக் கேட்பது?

கிராம சுகாதார செவிலியர்:
எனக்கு 14 வருஷ சர்வீஸ். பிரசவித்த தாய்மாரின் மனநலம் பற்றிப் போன மாதம் அரைநாள் பயிற்சி நடந்தது. எடின்பரோ கேள்வித்தாளைக் கொடுத்தார்கள். 10 கேள்வி, கடந்த 7 நாள் மனசு எப்படி இருந்தது என்று. மொத்தம் 30 மதிப்பெண். கூட்டிப்போடக் கற்றுக்கொண்டேன், கேட்கத்தான் தெரியவில்லை.

நேற்று ஒரு வீடு. இரண்டாவது பிரசவம், 5 வாரம் ஆகிறது. பிள்ளைக்குப் பால் கொடுத்தபடி அந்தப் பொண்ணு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாக் கேள்விக்கும் மாமியார்தான் பதில்: "நல்லாத்தான் இருக்கா நர்சம்மா, சோறுதான் எறங்கல." 10-வது கேள்வி, தன்னையே ஏதாவது செய்துகொள்ளத் தோன்றியதா என்பது. வாய்வரை வந்தது. கேட்காமல் தாளை மடித்துவிட்டேன். ராத்திரி முழுக்க அவள் முகம்தான். கேட்டால் நாமே அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோமோ?

ஓய்வுபெற்ற செவிலியர் ஆசிரியை:
கேட்பதால் அந்த எண்ணம் வராதும்மா. இன்றைக்கே திரும்பப் போங்க. குழந்தையை எடை போட்டு மாமியார் மடியில் கொடுத்துவிட்டு, "தையல் பார்க்கணும்" என்று பொண்ணை உள்ளே கூட்டிட்டுப் போங்க. தாளை எடுக்க வேண்டாம், உங்க வாய்ப்பேச்சிலேயே கேளுங்க. 10-வதுக்கு "ஆமா" என்றால் மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அன்றைக்கே டாக்டர் பார்க்கணும், தனியே விடக்கூடாது. ராத்திரியிலும் 14416-க்கு, அதாவது அரசு மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடலாம்.

நீங்க சரியாகத்தான் தவிக்கிறீங்க, பயிற்சிதான் பாதியில் நின்றுவிட்டது. ஒருத்தர் மாமியாராக, ஒருத்தர் மருமகளாக உட்கார்ந்து பேசிப் பழக வேண்டியது இது. பாகிஸ்தானின் ராவல்பிண்டி கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வில் உங்களைப் போன்ற சுகாதாரப் பணிப்பெண்களுக்குத்தான் பேச்சுவழி சிகிச்சையைக் கற்றுக்கொடுத்தார்கள். 2008-இல் முடிவு வந்தது. கர்ப்பத்திலேயே மனச்சோர்வு இருந்தவர்களில், பிரசவமாகி 6 மாதம் கழித்தும் அது நீடித்தது இவர்கள் பார்த்த தாய்மாரில் 23 சதவீதம் பேருக்கு, மற்றவர்களில் 53.

இரண்டு பிள்ளைகளின் அம்மா:
தடுப்பூசிக்குப் போன ஒவ்வொரு தடவையும் குழந்தை எடையைத்தான் கேட்டாங்க. "நீ தூங்குறியாம்மா?" என்று ஒருத்தர் கேட்டிருந்தால் அங்கேயே உடைந்து அழுதிருப்பேன். போங்க சிஸ்டர்.

கிராம சுகாதார செவிலியர்:
போய்விட்டு வந்தேன். கேட்டதும் ரொம்ப நேரம் என் கையை விடவில்லை. பிறகு, "ரெண்டு தடவை கெணத்துக்கிட்ட போனேன்க்கா" என்றாள். வீட்டுக்காரரை வயலிலிருந்து வரவழைத்து, மூன்று பேருமாக மாவட்ட மருத்துவமனைக்குக் கிளம்பினோம். குழந்தையையும் அவளே தூக்கிக்கொண்டாள். டாக்டர் அறை வாசலில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.