சென்சார் போட்டால் போர்வெல்லில் தண்ணீர் மிஞ்சுமா? ஒரு பாலக்கோடு கணக்கு

சொட்டுநீர்_பாலக்கோடு:
போன வாரம் இங்கே ஒருவர், "செல்போனில் விவசாயம் பார்ப்பதெல்லாம் பெங்களூர்க்காரர் பொழுதுபோக்கு" என்று எழுதியிருந்தார். அதற்குத்தான் இந்தத் திரி. என் தக்காளிக் காட்டில் மண் ஈரம் காட்டும் சென்சார் இரண்டு புதைத்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஒன்று அரையடி ஆழத்தில், இன்னொன்று ஒன்றரை அடியில். பாருக்குப் பார், அதாவது வரிசைக்கு வரிசை, ஐந்தடி, செடிக்குச் செடி இரண்டடி. ஏக்கருக்குச் சுமார் 4,350 டிரிப்பர் (சொட்டு விடும் முனை), ஒவ்வொன்றும் மணிக்கு 4 லிட்டர். முன்பெல்லாம் மண்ணைக் கிள்ளிப் பார்ப்பேன், அப்புறம் எதற்கும் இருக்கட்டும் என்று அரை மணி கூடவே விடுவேன். கீழே இருக்கும் சென்சாரில் ஈரம் குறையாமலே நிற்பதைப் பார்த்த பிறகு அந்த அரை மணியை நிறுத்திவிட்டேன். ஒரு பாய்ச்சலுக்கு 8,700 லிட்டர் மிச்சம். இது பொழுதுபோக்கா?

மானாவாரிக்காரன்:
எழுதியது நான்தான் தம்பி. கணக்கில் குறை சொல்லவில்லை. மிச்சமான அந்த 8,700 லிட்டர் இப்போது எங்கே இருக்கிறது? போருக்குள்ளேயா?

சொட்டுநீர்_பாலக்கோடு:
மேட்டுப் பக்கம் அரை ஏக்கர் சும்மா கிடந்தது. அதிலும் நாற்று நட்டேன். அதில் என்ன தப்பு அண்ணா?

மானாவாரிக்காரன்:
தப்பென்று சொல்லவில்லை. தண்ணீர் மிஞ்சவில்லை, இந்தக் காட்டிலிருந்து அந்தக் காட்டுக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். சொட்டுநீருக்கு சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம் மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். கொடுக்கட்டும். ஆனால் நிலத்தடி நீரைக் காப்பாற்றத்தான் கொடுக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு கொடுப்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

பென்னாகரம் பக்கம் எங்கள் ஊர்க் கதையைக் கேளுங்கள். முன்பு ராத்திரி மும்முனை கரண்ட் வரும்போது டார்ச் லைட்டோடு வரப்பில் போய் மோட்டார் போட வேண்டும். அசதியாக இருந்தால் போக மாட்டார்கள், போருக்கும் அன்றைக்கு ஓய்வு. கரண்ட் வந்ததும் மோட்டாரைத் தானே ஓட்டும் ஆட்டோ ஸ்டார்ட்டர் வந்தது, பின்னாலேயே வீட்டிலிருந்தே மோட்டார் போட செல்போன் ஸ்டார்ட்டர் வந்தது. இப்போது கரண்ட் வந்த நிமிடமே ஊரிலுள்ள மோட்டார் அத்தனையும் ஒன்றாக உறுமுகிறது. விவசாயக் கரண்டுக்குப் பில் கிடையாது, நிறுத்த வேண்டிய அவசரம் யாருக்கு? பக்கத்துக் காட்டில் 900 அடி போட்டும் விட்டு விட்டுத்தான் வருகிறது.

அரூர்_அக்கா:
அண்ணா, டார்ச் லைட்டோடு வரப்பில் போனது பாதி வீடுகளில் நாங்கள்தான். ஒருமுறை மோட்டார் ரூம் வாசற்படியில் கட்டுவிரியன் சுருண்டு கிடந்தது, ஒரு எட்டு தள்ளி நின்றுவிட்டதால் தப்பித்தேன். செல்போன் ஸ்டார்ட்டர் வந்த பிறகுதான் ராத்திரி தூங்குகிறேன். எங்கள் பயத்தை வைத்துத்தான் நிலத்தடி நீரைக் காப்பாற்ற வேண்டுமென்றால் வேறு வழி பாருங்கள்.

மானாவாரிக்காரன்:
அது என் தப்பு அம்மா. ஒத்துக்கொள்கிறேன்.

அரூர்_அக்கா:
அதற்காகச் செல்போன் சொல்வதெல்லாம் வேதம் என்றும் நான் சொல்ல மாட்டேன். கத்தரிச் செடியில் இலை ஓரமெல்லாம் கருகிக்கொண்டு வந்தது. போட்டோ எடுத்துப் போட்டால் நோய் பெயர் சொல்லும் ஒரு ஆப்பில் பையன் போட்டான். நோய் என்றது, மருந்தும் சொன்னது. இரண்டு முறை அடித்தும் கருகல் நிற்கவில்லை. கடைசியில் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்துக்கு இலையையும், ஒரு பாட்டிலில் போர் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு போனோம். தண்ணீரில் உப்பு. கோடையில் போர் இறங்க இறங்க உப்பு ஏறியிருக்கிறது. போட்டோவில் இலை தெரியும், தண்ணீர் தெரியுமா?

மாந்தோப்பு_போச்சம்பள்ளி:
ஒரு நல்லதையும் சொல்லிவிடுகிறேன். வானிலைத் துறையின் வேளாண் அறிக்கை செவ்வாயும் வெள்ளியும் வருகிறது. பூப்பூக்கும் நேரத்தில் தத்துப்பூச்சிக்கு மருந்து கலக்கிய பிறகு மழை வந்தால் அத்தனையும் வீண். அறிக்கையைப் பார்த்து இந்த வருடம் இரண்டு நாள் தள்ளி அடித்தேன், மருந்து வீணாகாமல் மிச்சமானது. மாவட்டத்துக்கே பொதுவாகச் சொல்வதால் பர்கூரில் பெய்வது இங்கே பெய்யாது, அது வேறு விஷயம். விலையைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். 2025 சீசனில் பெங்களூரா மாங்காய் விலை விழுந்தபோது செல்போனில் விலை எல்லோருக்கும்தான் தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய, மரத்திலேயே விட்டவர்கள் உண்டு.

மானாவாரிக்காரன்:
அங்கேதான் வருகிறேன். தம்பி சேமித்த தண்ணீரும் தக்காளிக்குத்தான் போனது. 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது, சரி. வரத்து கூடும் மாதத்தில் பறிகூலிக்குக் கட்டாமல் ரோட்டோரம் கொட்டுவதும் இதே தக்காளிதான். உணவுப் பாதுகாப்பு என்றால் எனக்கு ராகி. மழையை நம்பியே விளையும், குதிரில் போட்டால் வருடக்கணக்கில் கெடாது, தாள் மாட்டுக்கு. பையூர் ஆராய்ச்சி நிலையத்து ராகி ரகங்கள் இந்த மண்ணுக்கென்றே வந்தவை. 2023-இல் நீலகிரியிலும் நம் தருமபுரியிலும் ரேஷனில் அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி கொடுக்க ஆரம்பித்தார்கள். என் கண்ணில் அதுதான் தொழில்நுட்பம்.

சொட்டுநீர்_பாலக்கோடு:
ராகிக்களி எனக்கும் பிடிக்கும் அண்ணா. ஆனால் நகைக்கடன் வட்டியை ராகி கட்டாது. ஒன்றரை ஏக்கர் வைத்திருப்பவன் மூன்று மாதத்தில் காசு பார்க்கும் பயிரைத்தான் தேடுவான்.

அரூர்_அக்கா:
அரசு கொள்முதல் நிலையத்தில் ராகி போடலாம் என்றால் நிலம் யார் பேரில், என்ன பயிர் என்று காட்டும் சிட்டா, அடங்கல் கேட்கிறார்கள். நிலம் இன்னும் மாமனார் பேரில். அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருடம். எங்கள் ராகியை யார் பேரில் பதிவது? கடைசியில் வீட்டு வாசலுக்கு வரும் வியாபாரிக்குத்தான் போட்டோம்.

மானாவாரிக்காரன்:
சரி தம்பி, வட்டிக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஒன்று செய்யுங்கள். சென்சாரைச் செடியடியில் வைத்தீர்கள். போருக்குள் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று மாதம் ஒருமுறை அளந்து இங்கே போடுங்கள். அரை ஏக்கர் கூட்டியது சரியா தப்பா என்று அதுவே சொல்லிவிடும்.

சொட்டுநீர்_பாலக்கோடு:
அது எனக்கும் தெரிய வேண்டியதுதான். போர் வாயை மூடி வெல்டிங் வைத்திருக்கிறேன், கயிறு விட்டால் மோட்டார் ஒயரில் சிக்கும் என்ற பயமும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் வருகிறார், பக்கவாட்டில் சின்னக் குழாய் இறக்க முடியுமா என்று கேட்கிறேன். நீங்களும் உங்கள் போர் ஆழத்தைப் போடுங்கள், ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மானாவாரிக்காரன்:
எனக்குப் போர் கிடையாது தம்பி, கிணறுதான். 2016-இல் வற்றியது. கயிறெல்லாம் வேண்டாம், எட்டிப் பார்த்தாலே அடிப்பாறை தெரியும்.