1.6 டிபி போட்டோ, வீடியோ: எந்த எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கலாம்?

கேள்வி:
வணக்கம். லேப்டாப் நிரம்பிவிட்டது. எல்லாவற்றையும் 2 டிபி டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு லேப்டாப்பில் அழித்துவிடலாமா? எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) வாங்கணுமா? விண்டோஸ், மேக் இரண்டிலும் திறக்கணும்.

பதில் 1:
அழிக்கிறதுக்கு முன்னாடி இன்னொரு டிஸ்க் வாங்கிடுங்க. ஒரே இடத்தில் இருக்கிறது பேக்கப் ஆகாது. டிஸ்க் ஒரு தடவை கீழே விழுந்தாலே அத்தனை படமும் போயிடலாம். 2 டிபியில் இப்போ அடங்கினாலும் சீக்கிரம் நிரம்பிடும். கம்பெனிக்காரங்க ஆயிரம் ஆயிரமா எண்ணுறாங்க, விண்டோஸ் 1024 கணக்கில் எண்ணுது, அதனால் 2 டிபி டிஸ்க் 1.81 டிபின்னுதான் காட்டும். 4 டிபியில் இரண்டு எடுங்க. எடுத்து வைக்கிற படங்களுக்கு ஹார்ட் டிஸ்க்கே போதும். எஸ்எஸ்டியை மின்சாரமே இல்லாமல் வருஷக்கணக்கில் பெட்டியில் போட்டு வைக்கிறது நல்லதில்லை.

2.5 இஞ்ச் டிஸ்க் யூஎஸ்பி மின்சாரத்திலேயே ஓடும், 3.5 இஞ்சுக்குத் தனி அடாப்டர் வேணும். காப்பி போடுறதுக்கு முன்னாடியே எக்ஸ்ஃபேட்டில் (விண்டோஸ், மேக் இரண்டும் படிக்கவும் எழுதவும் முடிகிற வடிவம்) ஃபார்மேட் பண்ணிடுங்க. விண்டோஸோட சொந்த வடிவமான என்டிஎஃப்எஸ்ஸை மேக் படிக்கும், எழுதாது. பழைய வடிவமான ஃபேட்32-ல் 4 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைல் ஏறாது. எக்ஸ்ஃபேட்டில் ஒரு ஆபத்து: எஜெக்ட் கொடுக்காமல் பிடுங்கினால் ஃபோல்டர்களே குழம்பிப்போகும்.

பதில் 2:
விநாடிக்கு 100 எம்பி வேகம் கிடைச்சாலும் 1.6 டிபியையும் காப்பி பண்ண நாலரை மணி நேரம் ஆகும். பாதியில் வேகம் சட்டென்று விழுந்தால் பயப்படாதீங்க. பெரிய 2.5 இஞ்ச் டிஸ்க்குகள் பெரும்பாலும் எஸ்எம்ஆர் வகை. ஓடு வேய்ந்த மாதிரி தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும், தற்காலிக இடம் நிரம்பினதும் திணறும். கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க.

கேட்டவர்:
வாங்கிட்டேன். யூஎஸ்பி ஹப்பில் (ஒரு போர்ட்டைப் பல போர்ட்டாக்கும் பெட்டி) சொருகினால் டிக் டிக்னு சத்தம், அப்புறம் காணாமல் போகுது. டிஸ்க் போச்சா?

பதில் 1:
அநேகமா மின்சாரம் பத்தலை. யூஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர்தான் தரும், 3.0 தருவது 900. அடாப்டர் இல்லாத ஹப்பில் அதையும் எல்லாம் பங்கு போட்டுக்கும். மோட்டார் சுழல ஆரம்பிக்கிற நேரத்தில்தான் இழுப்பு அதிகம். டிஸ்க்கோடு வந்த குட்டைக் கேபிளை நேரே லேப்டாப்பில் சொருகுங்க. டிஸ்க் பக்கம் இருக்கிற அகலமான மைக்ரோ-பி முனை முழுசா உள்ளே போயிருக்கான்னு அழுத்திப் பாருங்க; பாதி ஆடிக்கிட்டு நின்னாலும் இதே கதைதான்.

கேபிள் மாத்தியும் டிக் டிக் நிக்கலைன்னா ஒரு ஃபைல்கூட ஏத்தாமல் கடையில் மாத்திடுங்க. நின்னுட்டால் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் (டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் விண்டோஸ் மென்பொருள்) 05, சி5 இரண்டு வரியும் பாருங்க; கெட்டுப்போன, கெட்டுப்போச்சோன்னு சந்தேகப்படுற இடங்களை அவை எண்ணும். புது டிஸ்க்கில் ரா வேல்யூ பூஜ்யமா இருக்கணும்.