இமேஜ் டேக்ல போட்ட எஸ்விஜி மேப்ல வார்டை க்ளிக் பண்ண முடியல, ஜாவாஸ்கிரிப்ட்ல எப்படி லோட் பண்றது?

வேளச்சேரிவாசி:
எல்லாருக்கும் வணக்கம். எங்க ஏரியால நாலஞ்சு பேர் சேந்து ஒரு சின்ன வெப் ஆப் பண்றோம், மழை பெஞ்சா எந்த வார்டுல தண்ணி நிக்குதுன்னு ஜனங்களே மேப்பைத் தொட்டு சொல்ற மாதிரி. சென்னை மாநகராட்சியோட 200 வார்டு, எல்லாத்தையும் இங்க்ஸ்கேப்ங்கற படம் வரையற சாஃப்ட்வேர்ல ட்ரேஸ் பண்ணி ஒரே எஸ்விஜி (வடிவங்களை டெக்ஸ்டா எழுதி வைக்கற பட ஃபார்மேட்) ஃபைலா வச்சிருக்கேன், வேலை முடிஞ்சு வந்து ராத்திரில உக்காந்து உக்காந்து ஒரு மாசம் ஆச்சு. இமேஜ் டேக்ல போட்டா படம் அழகா வருது ஆனா குவெரிசெலக்டர்ஆல் போட்டு பாத்-ஐ (ஒவ்வொரு வார்டோட வடிவம்) தேடினா ஒண்ணுமே கிடைக்கல, காலி லிஸ்ட்தான். அப்புறம் யாரோ சொன்னாங்கன்னு ஃபெட்ச் பண்ணி டாம்பார்சர்ல (டெக்ஸ்டை எலிமென்ட்டா மாத்தறது) குடுத்தேன், பார்சர்எரர்னு ஒரு எலிமென்ட் வருது. ஃபைல்ல தப்பு இருக்கான்னா ப்ரௌசர்ல தனியா திறந்தா நல்லாவே திறக்குது. ஃப்ரேம்வொர்க் எதுவும் இல்ல, வெறும் ஜாவாஸ்கிரிப்ட், வீட் (Vite) டெவ் சர்வர்ல, அதாவது என் கம்ப்யூட்டர்லயே ஆப்பை ஓட்டிப் பாக்கற டூல்ல ஓடுது. ஐப்பசி பொறக்கறதுக்குள்ள இதை மக்கள் கையில குடுத்துடணும், ப்ளீஸ் ஹெல்ப் பண்ணுங்க.

கிண்டி கோடர்:
தம்பி, நல்ல காரியம் பண்றீங்க. இமேஜ் டேக்ல எஸ்விஜி வந்தா ப்ரௌசர் அதை ஒரு ஃபோட்டோ மாதிரிதான் பாக்கும், உள்ள இருக்கற பாத் எதுவும் உங்க பேஜோட டாம்ல (பேஜ்ல இருக்கற எலிமென்ட் எல்லாம் சேந்த மரம்) சேராது, உங்க சிஎஸ்எஸ்ஸும் உள்ள போகாது, ஸ்கிரிப்ட்டும் ஓடாது. வெப்ஃபான்ட் லிங்க் குடுத்திருந்தா அது கூட லோட் ஆகாது, தமிழ்ல வார்டு பேர் எழுதியிருந்தா ஃபோன்ல என்ன ஃபான்ட் இருக்கோ அதுலதான் வரும். லோகோ, ஐகானுக்கெல்லாம் அது போதும், உங்களுக்கு பத்தாது. ஆப்ஜெக்ட் டேக்னு ஒண்ணு இருக்கு, ஒரே டொமைனா இருந்தா லோட் ஆன பிறகு கன்டென்ட்டாக்குமென்ட் வழியா உள்ள போகலாம், ஆனா அப்பவும் பேஜோட சிஎஸ்எஸ் உள்ள ஏறாது. அதனால நீங்க ரெண்டாவதா பண்ண ஃபெட்ச் வழிதான் சரி, அதை விடாதீங்க. பார்ஸ் பண்றதுக்கு முன்னாடி ஃபெட்ச்ல வந்த டெக்ஸ்டை அப்படியே கன்சோல்ல ப்ரின்ட் பண்ணிப் பாருங்க, முதல் வரி என்ன வருதுன்னு சொல்லுங்க.

வேளச்சேரிவாசி:
அண்ணா பாத்தேன், முதல் வரியே டாக்டைப் ஹெச்டிஎம்எல்னு இருக்கு!! என் இன்டெக்ஸ் பேஜே திரும்பி வருது. ஆனா ஸ்டேட்டஸ் 200 (எல்லாம் சரிங்கற பதில்) தான் காட்டுது, அதான் குழம்பிட்டேன்.

கிண்டி கோடர்:
அதேதான். நீங்க குடுத்த அட்ரஸ்ல ஃபைல் இல்ல, டெவ் சர்வர் 404 (ஃபைல் இல்லங்கற பதில்) குடுக்காம இன்டெக்ஸ் பேஜை எடுத்து நீட்டுது, சிங்கிள் பேஜ் ஆப்னு நினைச்சுக்கிட்டு. ஃபைலை எஸ்ஆர்சி ஃபோல்டர்ல வச்சிருப்பீங்க, பப்ளிக் ஃபோல்டருக்கு மாத்தி ஸ்லாஷ்ல ஆரம்பிச்சு கூப்பிடுங்க. அப்புறம் நிஜ சர்வர்ல போட்ட பிறகு நிஜமாவே 404 வந்தாலும் ஃபெட்ச் எரர் வீசாது, ரெஸ்பான்ஸோட ஓகே ட்ரூவா இருக்கான்னு நீங்கதான் செக் பண்ணணும். ஃபைல் மாறவே மாறாதுன்னா இன்னொரு வழி, இம்போர்ட் பண்ணும்போது ஃபைல் பேருக்கு பின்னாடி கேள்விக்குறி போட்டு ரா (raw)-ன்னு சேத்தா எஸ்விஜி முழுக்க ஒரு ஸ்ட்ரிங்கா வந்துடும், ஃபெட்ச்சே வேணாம். ஆனா 200 வார்டு இருக்கற ஃபைல் பெருசா இருக்கும், அதை ஜாவாஸ்கிரிப்ட் பண்டில்ல ஏத்துறதை விட தனியா ஃபெட்ச் பண்றது மேல்னு எனக்குத் தோணுது, மழைல டவர் வீக்கா இருக்கறப்ப பட்டனாவது முதல்ல வரட்டும்.

பெரம்பூர் நிலா:
நானும் இப்படி ஒரு மேப் பண்ணிருக்கேன், அடுத்து நீங்க மாட்டப்போற ரெண்டு இடத்தை இப்பவே சொல்லிடறேன். இங்க்ஸ்கேப்ல ஆப்ஜெக்ட்ஸ் பேனல்ல பேர் மாத்தினா அது லேபிள்தான், ஐடி இல்ல, ஐடி அப்படியே பாத்னு ஒரு நம்பரோட நிக்கும். ஆப்ஜெக்ட் ப்ராப்பர்ட்டீஸ்ல போய் ஐடிய தனியா குடுக்கணும். அதுவும் வெறும் நம்பரா வைக்காதீங்க, குவெரிசெலக்டர்ல ஹாஷ் போட்டு நம்பர்ல ஆரம்பிச்சா எரர் அடிக்கும், வார்டு-னு முன்னாடி சேத்துக்கோங்க. இன்னொண்ணு, இங்க்ஸ்கேப் ஒவ்வொரு பாத்துக்குள்ளயும் ஸ்டைல்னு போட்டு ஃபில் கலரை எழுதி வச்சிடும், நீங்க சிஎஸ்எஸ்ல க்ளாஸ் போட்டு நீலம் ஆக்கினாலும் மாறவே மாறாது, லோட் பண்ண உடனே அந்த ஃபில்லை மட்டும் கழட்டிடுங்க. 200 பாத்துக்கும் தனித்தனியா லிசனர் (க்ளிக்கைக் கவனிக்கற கோட்) போட வேணாம், மேல இருக்கற எஸ்விஜிக்கு ஒண்ணு போட்டு க்ளோசெஸ்ட் வச்சு எந்த பாத்துன்னு பிடிச்சுக்கலாம்.

வேளச்சேரிவாசி:
அக்கா, அண்ணா, வந்துடுச்சு!! பப்ளிக் ஃபோல்டருக்கு மாத்தினேன், மேப் உள்ள வந்துச்சு, நிலா அக்கா சொன்ன மாதிரியே கலர் மாறல, ஃபில்லை கழட்டினதும் எங்க வார்டு நீலமா மாறுச்சு, அம்மாவைக் கூப்பிட்டு காமிச்சேன். ஐடி மட்டும் 200ம் கையால மாத்தணும். இன்னொரு கேள்வி, ஃபோன்ல மேப்போட மூலை மட்டும்தான் தெரியுது, மணலி பக்கம் மட்டும்.

பெரம்பூர் நிலா:
எஸ்விஜி டேக்ல வியூபாக்ஸ் (படத்தோட எல்லையைச் சொல்ற ஆட்ரிபியூட்) இருக்கான்னு பாருங்க, அது இல்லாம விட்த் ஹைட் மட்டும் இருந்தா சுருங்காது. இப்ப இருக்கற விட்த் ஹைட் நம்பரை வியூபாக்ஸ்ல சைபர் சைபருக்கு அப்புறம் போட்டுட்டு, விட்த்தை சிஎஸ்எஸ்ல 100 சதவீதம் ஆக்குங்க. ஐடி மாத்த கை வலிக்க வேணாம், லேபிள்ல வார்டு நம்பர் ஏற்கனவே இருந்தா அந்த ஆட்ரிபியூட்டைப் படிச்சு ஐடி-யாக எழுதற மாதிரி பத்து வரி ஸ்கிரிப்ட் போதும். ப்ளெயின் எஸ்விஜியா மட்டும் சேவ் பண்ணிடாதீங்க, லேபிள் எல்லாம் போயிடும்.