க்ளூகர் வண்டிக்கு ஹைபிரிட் கேம்பர் டிரெய்லர்: ஐந்து பேருக்கு எது பொருந்தும்?

கேள்வி (டூங்காபி, சிட்னி)

அனைவருக்கும் வணக்கம். நானும் மனைவியும், பதினொன்றும் ஏழும் வயதான இரண்டு பிள்ளைகளும், திருச்சியிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கும் அம்மாவுமாக நாங்கள் ஐந்து பேர். மூன்று ஆண்டுகளாகப் பள்ளி விடுமுறைகளில் கூடாரம் அடித்தே தங்கி வந்தோம். சென்ற ஈஸ்டர் விடுமுறையில் ஜெர்விஸ் விரிகுடாவுக்குப் போயிருந்தபோது இரண்டு இரவு விடாமல் மழை பெய்து, அம்மாவின் மெத்தைக்கு அடியில் தண்ணீர் புகுந்துவிட்டது. அறுபத்தெட்டு வயதில் அவர் போர்வையைச் சுற்றிக்கொண்டு விடியும்வரை காரின் முன்னிருக்கையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகு, இனி அவரைத் தரையில் படுக்க வைப்பதில்லை என்று முடிவெடுத்தோம்.

முழு அளவுக் கேரவனை நிறுத்த எங்கள் வீட்டில் இடமில்லை. ஆகவே, உறுதியான சுவர்களும் மேலே உயர்த்தும் கூரையும் பக்கவாட்டில் இழுக்கும் சமையலறையும் கொண்ட ஹைபிரிட் கேம்பர்களைப் பார்த்து வருகிறோம். பெரிய கட்டிலும் மூன்று அடுக்குக் கட்டில்களும் உள்ள ஒன்று எல்லோருக்கும் பிடித்துவிட்டது. அதன் வெற்று எடை 1,750 கிலோ, ஏ.டி.எம். எனப்படும் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 2,400 கிலோ. எங்கள் டொயோட்டா க்ளூகர் 2,000 கிலோ வரை இழுக்கும் என்பதால் கவலையே வேண்டாம் என்று விற்பனையாளர் உறுதியாகச் சொன்னார். முன்பணம் கட்டுவதற்கு முன் அனுபவமுள்ளவர்களிடம் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன். அம்மாவின் இன்சுலினைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டியிருப்பதால், மின்கலம் எவ்வளவு தேவைப்படும் என்பதையும் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1 (டாண்டினோங், மெல்பர்ன்)

வணக்கம் தம்பி. டிரெய்லர்களின் பிரேக், அச்சு வேலைகளைப் பல ஆண்டுகளாகச் செய்து வருபவன் என்பதால் சொல்கிறேன்: தயவுசெய்து இன்னும் முன்பணம் கட்டாதீர்கள். விற்பனையாளர் உங்களுக்குச் சொன்னது வெற்று எடையை வைத்துப் போட்ட கணக்கு. சாலையில் நீங்கள் இழுக்கப்போவதோ ஏற்றிய எடையை. அந்த ஏற்றிய எடை உங்கள் வண்டியின் இழுதிறனையும் தாண்டக் கூடாது, டிரெய்லரின் ஏ.டி.எம்.-ஐயும் தாண்டக் கூடாது. இந்த இரண்டில் எது குறைவோ அதுதான் உங்கள் எல்லை. அதாவது 2,400 அல்ல, 2,000 கிலோ.

1,750-இலிருந்து தொடங்குவோம். தண்ணீர்த் தொட்டி 160 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், நிரப்பியதும் 160 கிலோ கூடிவிடும். ஒன்பது கிலோ எரிவாயு சிலிண்டர், உருளையின் எடையோடு சேர்த்து ஏறக்குறைய 18 கிலோ வரும், இரண்டுக்கு 36. இப்போதே 1,946 ஆகிவிட்டது. மீதமுள்ள 54 கிலோவுக்குள் ஐந்து பேரின் படுக்கை, பாத்திரங்கள், அரிசி பருப்பு, நாற்காலிகள், வெளிக்கூரையின் பக்கத் துணிகள், கருவிப் பெட்டி அனைத்தும் அடங்க வேண்டும். நிச்சயம் அடங்காது. தொட்டியைக் காலியாகக் கொண்டுபோய் அங்கே நிரப்பிக்கொள்ளலாம் என்பார்கள். ஆனால் தண்ணீரே கிடைக்காத இடங்களுக்குப் போகத்தானே ஹைபிரிட் வாங்குகிறீர்கள்?

இதைவிடப் பலரும் கவனிக்காமல் விடுவது கொக்கியின் மீது இறங்கும் எடை. டிரெய்லர் ஆடாமல் வர வேண்டுமானால் அதன் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு கொக்கியில் இறங்க வேண்டும் என்பது இங்குள்ள பொதுவான வழக்கம். 2,000 கிலோ டிரெய்லர் என்றால் 200 கிலோ. அது டிரெய்லர் கணக்கில் மட்டும் நிற்பதில்லை, உங்கள் காரின் சுமையாகவும் சேர்கிறது. ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறிய பிறகு, காரின் ஜி.வி.எம். (ஆட்கள், சுமையோடு சேர்த்துக் காருக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை) எல்லைக்குள் இந்த 200 கிலோவுக்கு இடம் இருக்கிறதா? குடும்பத்தோடு பொது எடைமேடைக்குப் போய் நின்று பாருங்கள். செலவு பெரிதாக ஆகாது; அதில் தெரிய வருவதை எந்தக் காட்சிக்கூடத்திலும் சொல்ல மாட்டார்கள்.

பிரேக் குறித்தும் ஒரு சொல். 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயம். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் இருக்க வேண்டும். டிரெய்லர் கழன்றுபோனால் தானாகவே பிரேக் பிடிக்கும் அமைப்பும் வேண்டும். மின் பிரேக் உள்ள டிரெய்லரானால், அதற்கான கட்டுப்பாட்டுக் கருவியை உங்கள் காரில் தனியாகப் பொருத்த வேண்டும். அந்தச் செலவையும் இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 2 (பிரிஸ்பேன்)

வணக்கம் சகோதரரே. எடைக் கணக்கை அண்ணா தெளிவாகச் சொல்லிவிட்டார். நான்கு ஆண்டுகளாக ஒரு ஹைபிரிட்டில் குழந்தைகளோடும் மாமியாரோடும் போய்வருபவள் என்ற முறையில், உள்ளே வாழ்வது எப்படி என்பதை எழுதுகிறேன்.

காட்சிக்கூடத்தில் எல்லாவற்றையும் விரித்து வைத்துக் காட்டுவார்கள். நீங்கள் அதை முழுவதும் மூடச் சொல்லி, பிறகு நீங்களே திறந்து பாருங்கள். மழையில் நின்றபடி அதைத் திறக்கப்போவது நீங்கள்தான். எங்களுடையதில் கூரையை உயர்த்த இருபுறமும் நான்கு தாழ்களை நீக்க வேண்டும். பின்புறத் தாழ் என் கைக்கு எட்டாது என்பது வாங்கிய பிறகுதான் தெரிந்தது. கீழ்க் கட்டிலில் அம்மாவை உட்கார வையுங்கள். தலை மேல்கட்டிலில் இடிக்கிறதா, எழுந்திருக்கக் கையால் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். படியில் ஏறி இறங்கச் சொல்லுங்கள். எங்கள் வண்டியின் மடிப்புப் படி மண் தரையில் ஒரு பக்கம் சாய்ந்து, முதல் பயணத்திலேயே மாமியார் தடுமாறிவிட்டார். அன்றிலிருந்து படிக்குக் கீழே வைக்க இரண்டு மரப்பலகைகள் கொண்டுபோகிறோம். மூத்த பிள்ளைக்குப் பதினொரு வயது என்கிறீர்கள். குழந்தைகளுக்கென்று வைத்திருக்கும் கட்டில்களின் நீளத்தையும் அவை தாங்கும் எடையையும் கேட்டறியாவிட்டால், இரண்டு ஆண்டுகளில் அவன் கால் மடக்கித்தான் படுக்க வேண்டியிருக்கும்.

வெளியே இழுக்கும் சமையலறை நல்ல வெயிலில் சொர்க்கம். காற்றடித்தால் தோசைக்கல் சூடாகவே சூடாகாது. அடுப்புக்கு மூன்று பக்கமும் மறைப்பு உண்டா என்று பாருங்கள். மழை பெய்கிறது என்பதற்காகத் துணிச் சுவர்களை இழுத்து மூடிக்கொண்டு உள்ளே எரிவாயு அடுப்பைப் பற்றவைக்கவே வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஈரமாக மடித்த கேன்வாஸை வீடு திரும்பிய மறுநாளே திறந்து காயப்போட வேண்டும். ஒரு முறை வேலைக்கு நேரமாகிவிட்டதென்று ஒரு வாரம் விட்டுவிட்டோம், மூலையெல்லாம் கரும்பூஞ்சணம் பிடித்து இன்றுவரை போகவில்லை.

இன்சுலினைப் பற்றி: 12 வோல்ட்டில் ஓடும் கம்ப்ரசர் குளிர்பெட்டி எங்களுக்கு ஒரு நாளைக்கு நாற்பது ஆம்பியர் மணி (மின்கலக் கொள்ளளவின் அலகு) வரை எடுக்கிறது, கோடையில் இன்னும் கூடும். விளக்கு, தண்ணீர்ப் பம்பு, கைப்பேசிகளையும் சேர்த்தால், 100 ஆம்பியர் மணி லித்தியம் மின்கலம் ஒன்று வெயிலில்லாத இரண்டு நாளை ஒருவழியாகத் தாங்கும். இரண்டு இருந்தால் மனம் நிம்மதியாக இருக்கும். பழைய ஈய வகை மின்கலத்தில் பாதிதான் பயன்படுத்த முடியும், எடையும் அதிகம். இன்சுலினை உறைபெட்டிப் பக்கத்துக்கு அருகில் வைக்காதீர்கள், உறைந்துபோனால் அதைப் பயன்படுத்தக் கூடாது.

மறுமொழி 3 (அடிலெய்ட்)

இருவரும் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஹைபிரிட்தான் வேண்டுமா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். முன்பக்கம் விரியும் துணிக் கேம்பர்களில் எடை குறைந்தவை உண்டு, விலையும் குறைவு. எனினும் பலவற்றில் பெரிய கட்டிலுக்கு ஏணி ஏற வேண்டியிருக்கும், விரிக்க அதிக நேரமும் ஆகும். அம்மா வருவதால், இடத்தைக் குறைத்துக்கொண்டாலும் உறுதியான சுவருள்ள சிறிய ஹைபிரிட் ஒன்றைத் தேடுவதே சரி என்று தோன்றுகிறது. பிள்ளைகள் இருவரும் பக்கத்தில் ஒரு சிறு கூடாரத்தில் படுக்கட்டும். அந்த வயதில் அவர்கள் அதைத்தான் விரும்புவார்கள்.

‘ஆஃப்ரோடு’ என்று எழுதி ஒட்டியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். ஃபிளிண்டர்ஸ் மலைப்பகுதியில் அலைமேடான மண் சாலையில் நாற்பது கிலோமீட்டர் ஓட்டிய பிறகு கதவைத் திறந்தபோது, தலையணை மேல் விரலால் பெயர் எழுதும் அளவுக்குப் புழுதி படிந்திருந்தது. கதவைச் சுற்றியுள்ள ரப்பர் அடைப்பின் ஒரு மூலையில் நாணயம் நுழையும் இடைவெளி, அவ்வளவுதான் காரணம். வாங்கும்போது ஒருவர் உள்ளே இருட்டில் நிற்க, மற்றவர் வெளியிலிருந்து கைவிளக்கால் ஓரங்களைச் சுற்றி அடித்தால் இது தெரிந்துவிடும். உத்தரவாதப் பத்திரத்தில் மண் சாலை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதையும் படியுங்கள். பழைய டிரெய்லர் வாங்குவதானால், அதன் மீது யாருக்காவது கடன் பாக்கி இருக்கிறதா என்பதை அரசின் பி.பி.எஸ்.ஆர். பதிவேட்டில் இரண்டு டாலருக்குப் பார்த்துவிடலாம்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சனிக்கிழமை ஐவரும் வழக்கமான பெட்டிகளோடு எடைமேடைக்குப் போனோம். காரின் தகட்டில் உள்ள ஜி.வி.எம்.-க்கு இன்னும் 140 கிலோதான் மீதம் இருந்தது. அந்த 200 கிலோ கொக்கி எடைக்கு இடமே இல்லை. இதை விற்பனையாளரிடம் சொன்னபோது, யாரும் நிறுத்திச் சோதிப்பதில்லை என்று பதில் வந்தது. அம்மாவையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு ஓட்டும் எனக்கு அந்தப் பதில் போதவில்லை. பேச்சை முடித்துக்கொண்டு வந்துவிட்டோம்.

1,200 கிலோ அளவில் வெற்று எடையுள்ள சிறிய ஹைபிரிட் ஒன்றை அடுத்த விடுமுறைக்கு நான்கு நாள் வாடகைக்கு எடுத்து, பூடெரீ தேசியப் பூங்காவின் கிரீன் பேட்ச் முகாமுக்குப் போகவிருக்கிறோம். பிள்ளைகளுக்குப் பழைய கூடாரத்தையே எடுத்துக்கொள்கிறோம்.

மறுமொழி 1 (டாண்டினோங், மெல்பர்ன்)

நல்ல முடிவு தம்பி. முன்பதிவு செய்யும்போது டிரெய்லரின் நீளத்தைச் சொல்லி, அது நிற்கும் இடமாகப் பார்த்துக் கேளுங்கள். அதே பூங்காவின் கேவ் பீச் முகாம் கூடாரங்களுக்கு மட்டுமே. நிறுத்துமிடத்திலிருந்து எல்லாவற்றையும் சுமந்துதான் போக வேண்டும். வாடகை டிரெய்லரை ஏற்றி முடித்த பிறகு புறப்படும் வழியில் இன்னொரு முறை எடைமேடையில் நிறுத்துங்கள். கொக்கியைக் கழற்றி டிரெய்லரைத் தனியாகவும் ஒரு முறை.