புதுப்பிப்பு: ஏரியோரக் குடியிருப்புக் காயலில் தேங்கிய தண்ணீர்

வீட்டுக்குப் பின்னாலுள்ள காயல் பச்சையாகி நாறுகிறது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் ஏரியோடு இணைக்கும் குழாயைப் பார்த்தோம். வாயில் பாதிக்கு மேல் வண்டலும் வேரும். அள்ளியதும் மிதந்த இலைகள் மெல்ல நகர்ந்தன. ஆனால் முட்டுச்சந்து மாதிரியான கடைசி மூலை அசையவில்லை. அங்கே கைகொடுத்தது, "நீரூற்று வேண்டாம், அடியிலிருந்து காற்று விடுங்கள்" என்ற யோசனைதான். ஆக்ஸிஜன் மிகக் குறைவாக இருக்கும் விடியற்காலையில் அளந்தோம்: அடியில் லிட்டருக்கு 1 மில்லிகிராம்கூட இல்லாதது, இப்போது 5ஐத் தாண்டுகிறது.

எதிர்பாராதது ஒன்று. அடியில் காற்று விடும் கருவியை முதல் நாளே முழுநேரம் ஓட்டியதில் அடித்தண்ணீர் மேலேறி அழுகிய முட்டை நாற்றம். குஞ்சு மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தன. பதறி நிறுத்தினோம். பிறகு அரை மணியில் தொடங்கி, தினமும் இரட்டிப்பாக்கினோம். தயவுசெய்து அப்படியே தொடங்குங்கள்.

பாசி முழுதாகப் போகவில்லை. அதை வளர்க்கும் பாஸ்பரஸ் புல்வெளி உரத்திலிருந்து மழையோடு இறங்குகிறது. கரையோரம் உரமிடுவதை நிறுத்தியிருக்கிறோம்.